கைகாட்டி இறங்கிய நாள்

தங்கச்சி: பெயின்டரே, பிரஷ்ஷைக் கீழ வைங்க. அந்த வரி வேண்டாம்.

பெயின்டர்: சார் எழுதிக் கொடுத்ததும்மா. நாளைக்குத் திறப்பு விழா...

அண்ணன்: நீங்க எழுதுங்க.

தங்கச்சி: எழுதாதீங்க!

பெயின்டர்: அண்ணனும் தங்கச்சியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்.

தங்கச்சி: 'நிலைய அதிகாரி பணியில் உறங்கியதால் விபத்து நேர்ந்தது. அத்துடன் நிலையம் மூடப்பட்டது.' ஏண்ணா, அந்த அதிகாரி யாரு? நம்ம அப்பா!

அண்ணன்: இந்த ரயில் ஸ்டேஷனை வாசகசாலை ஆக்கறாங்க. சுவர்ல அதோட வரலாறு வேணும்னாங்க. விசாரணை அறிக்கையில இருக்கறதை எழுதினேன்.

தங்கச்சி: ஏற ஆளில்ல, மூடிட்டாங்கன்னு எழுதேன். கை தேஞ்சா போயிடும்?

அண்ணன்: பொய் எழுதச் சொல்றியா?

தங்கச்சி: இப்ப எழுதியிருக்கறது மட்டும்...

அண்ணன்: மட்டும்?

தங்கச்சி: ஒண்ணுமில்ல.

அண்ணன்: முப்பது வருஷமா ஊரே சொல்றதுதானே. விடு.

தங்கச்சி: அப்பா தூங்கலைண்ணா.

அண்ணன்: உனக்கென்ன தெரியும்? அப்ப உனக்கு ஒன்பது வயசு.

தங்கச்சி: மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தேன்ல... அப்பா அந்தப் பக்கம் நின்ன சரக்கு வண்டி டிரைவர்கிட்ட பேசிட்டிருந்தார். இந்த ரூம்ல யாருமே இல்ல.

அண்ணன்: போதும். வா, வீட்டுக்குப் போலாம்.

தங்கச்சி: இங்க இருந்த லீவரை இழுத்தா வெளிய சிக்னல் கைகாட்டி இறங்கும்ல... அதைப் பாக்கணும்னு ஆசை. ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்கினேன். இறங்கிடுச்சு. வழி விட்டாச்சுன்னு பாசஞ்சர் வண்டி நேரா உள்ள வந்து, சரக்கு வண்டி மேல...

அண்ணன்: மெதுவா பேசு!

தங்கச்சி: நாலு பேர் செத்தாங்கண்ணா. அப்பா என்னைப் பின்வாசல் வழியா வெளிய தள்ளி, 'ஓடு, நீ இங்க வரவே இல்ல'ன்னார். வேலை போச்சு, ஜெயிலுக்குப் போனார். நான் வாயே திறக்கல.

அண்ணன்: இரு, ஜன்னலைச் சாத்தறேன்.

தங்கச்சி: ஜன்னலை விடுண்ணா. ஏதாவது திட்டு! அப்பா தூங்கினார்னு எவனோ துணிஞ்சு சாட்சி சொன்னானே... அவனுக்கு எப்படி நாக்கு வந்துச்சு?

அண்ணன்: அன்னைக்கு உன் பின்னாடியே தண்ணி எடுத்துட்டு வந்தேன். நீ தொங்கறதை ஜன்னல் வழியா பாத்தேன்... 'எங்கப்பா தூங்கிட்டிருந்தார், என் கண்ணால பாத்தேன்'னு சொன்னது நான்தாம்மா. அப்பாதான் சொல்லச் சொன்னார்.