அக்காவின் நூற்றெண்பது

அவையை அன்பால் ஆளும் தலைவர் அவர்களே! மூட்டுவலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசையில் முகமலர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசிக்குள் குனிந்திருக்கும் என் வயதுத் தோழர்களே, கொஞ்சம் நிமிருங்கள்! அனைவருக்கும் வணக்கம்.

குடும்ப ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். உப்பைக் குறை, உடலை அசை, உரிய நேரத்தில் உறங்கு. முடிந்தது! இதில் உங்களுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா? இல்லை. எல்லாம் தெரிந்தவன் செய்த தவற்றைச் சொல்லவே வந்தேன்.

ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கொதிகலனின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் முதலில் நெருப்பை அணைப்போம், அழுத்தத்தை இறக்குவோம், அதன் பிறகே மானியைச் சந்தேகிப்போம். எங்கள் கைகளில் ஊறிய விதி அது.

என் அக்கா தையல்காரி. ஒருநாள் காலையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்தாள்.

"டேய், நூத்தி எண்பதுன்னு காட்டுதுடா. காலையிலேர்ந்து தலை வேற விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது."

"அது ஓட்டை டப்பாக்கா. தப்பா காட்டும்."

"உன் கையில கட்டிப் பாரு."

கட்டினேன். நூற்றிருபது.

"பாத்தியா! உனக்கு மட்டும் ஒழுங்கா காட்டுதே. அதுக்கு என்மேல என்ன பகையா?"

"ஒரு தடவை சரியா காட்டிட்டா கருவி சரின்னு ஆயிடுமா? கழட்டிப் பாத்துடறேன்."

"கழட்டு, கழட்டு. என் தலைவலிக்கும் ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வந்துடாதே!"

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.

கழற்றினேன். மேசைமேல் பரப்பினேன். பதினொரு நாள் அப்படியே கிடந்தது. "சரியாயிடுச்சாடா?" என்று அவள் தினமும் கேட்டாள்; "ஒரு உதிரி வரணும்கா" என்று நானும் தினமும் சொன்னேன். அவளோ தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். பன்னிரண்டாம் நாள் கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து நழுவியது. என்னைக் கூப்பிட முயன்றாள். வாய் கோணியது, வார்த்தை வரவில்லை.

"கடைசியா எப்போ அளந்தீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"பதினோரு நாள் முன்னாடி. நூத்தி எண்பது."

"அப்புறம்?"

அப்புறம் என்ன சொல்வேன்? இரும்புக் கொதிகலனுக்குக் கொடுத்த மரியாதையை என் அக்காவுக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லவா? எண்ணைச் சந்தேகித்தேன், எதிரில் நின்றவளைக் கவனிக்கவில்லை என்று சொல்லவா? எப்படிச் சொல்வேன்?

பேச்சு மெல்லத் திரும்பியது. ஊசி பிடித்த வலக்கை திரும்பவில்லை. பொத்தான் வைத்துக்கொடு என்று கேட்டு வருகிறவர்களை இன்று அவள் வாசலோடு திருப்பி அனுப்புகிறாள்.

ஆகவே அன்பர்களே, வீட்டில் ஒருவர் தலை வலிக்கிறது என்றால், தளர்ச்சி என்றால், அதற்கு விளக்கம் தேடாதீர்கள்! வாதாடாதீர்கள்! கருவி கூடுதலாகக் காட்டினால் ஐந்து நிமிடம் அமர வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையா? அன்றே, அப்போதே, அழைத்துச் செல்லுங்கள்!

என்ன ஐயா கேட்கிறீர்கள்? "கருவி நிஜமாவே தப்பா காட்டியிருந்தா?" என்றா?

காட்டட்டும் ஐயா! மருத்துவர் சிரிப்பார். "உன்னால அரை நாள் வேலை போச்சு" என்று அக்கா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வருவாள். நான் தலைகுனிந்து வீடு திரும்புவேன். ஐயா, அந்தத் திட்டைக் கேட்கக் கொடுத்துவைக்காமல்தான் இங்கே நிற்கிறேன்.

கவனிக்கத் தவறியவன் பேச்சைக் கவனத்தோடு கேட்ட உங்கள் நெஞ்சங்களுக்கு நன்றி. நலமாக வீடு சேருங்கள். வணக்கம்.