கம்பம் ஆயிஷாவின் கம்ப்யூட்டர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் திடீரென்று சொன்னாள்:

"என் கம்ப்யூட்டருக்கு என்ன சீக்குன்னு ஊரு பூராத் தெரிஞ்சிருச்சு தம்பி. என்கிட்ட ஏது கம்ப்யூட்டரு?"

பக்கத்தில் அவள் கணவரின் தம்பி. மதுரையில் ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையில் கேள்வி-பதில் எழுதுகிறவன் என்பது போகப் போகப் புரிந்தது.

"வாசகர் கேள்வியே வரல மதினி. நீயே கேள்வியும் எழுதி ஏதாச்சும் பேரப் போட்டுருன்னு எடிட்டர் சொன்னாக. 'ஆயிஷா, கம்பம்'னு போட்டுட்டேன்."

"ஆன் பண்ணா பீப் பீப்னு கத்துதுன்னு நானா கேட்டேன்? உள்ள இருக்குற ரேம் அட்டையக் கழட்டி ரப்பரால தொடைங்கன்னு நீ எழுதிட்ட. அடுத்த வீட்டுக்காரி ரப்பரோட வந்து நிக்கிறா. ஒங்க அண்ணன் என்னடான்னா, எனக்குத் தெரியாம எங்கன ஒளிச்சு வச்சிருக்கன்னு பீரோவத் தொறந்து பாக்குறாக."

"தப்புத்தான் மதினி. அடுத்த மாசம் வேற பேரு போட்டுர்றேன்."

பஸ் உத்தமபாளையத்தைத் தாண்டியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வேணாம், என் பேரே இருக்கட்டும். வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கித் தர மாட்டேங்கிறாக, என்ன செய்யலாம்னு நான் கேட்டதாப் போடு. பதில மட்டும் நல்லா ஒறைக்கிற மாதிரி எழுது. ஒங்க அண்ணன் இப்ப அந்தப் பக்கத்தத்தான் மொதல்ல படிக்கிறாக."