தொண்ணூற்றெட்டு

வந்த கடிதங்களுக்கெல்லாம் காலையில் காபி குடிக்கும் முன்பே பதில் எழுதிவிடுவேன். யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

நான் எழுதிய கணினி நிரல் சின்னது. கட்டிலருகே உள்ள கருவி அனுப்பும் எண்களை வாசித்து, செவிலியர் மேசையில் இருக்கும் திரையில் காட்டும். அதன் மூல வரிகளை இணையத்தில் திறந்தே வைத்திருந்தேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், குறை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். முதலில் திருத்தி அனுப்பியவர் என் தங்கையின் கணவர்.

"கருவி பேசாம போச்சுன்னா உங்க நிரல் காத்துக்கிட்டே நிக்குது, மச்சான். திரையில பழைய எண்ணே இருக்கு. பாக்கிறவங்க ஏமாந்துடுவாங்க," என்றார். சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னிலையிலும்.

"அனுபவம் வந்தா புரியும், மாப்பிள்ளை," என்றேன். திருத்தத்தை நிராகரித்தேன்.

எட்டு மாதம் கழித்து, என் நிரலைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவமனையின் கருவிப் பராமரிப்பாளர் எழுதினார். குழந்தைகள் பிரிவில் ஆக்சிஜன் அளவு இருபது நிமிடம் அசையாமல் நின்றதாம். கேபிளைப் பாருங்கள் என்று பதில் போட்டேன். மனம் கேட்கவில்லை, மத்தியானம் நானே சோதித்தேன். என்னிடமிருந்த கருவியை விரலில் மாட்டிக்கொண்டு, அதன் இணைப்பைப் பிடுங்கினேன். திரையில் தொண்ணூற்றெட்டு. ஒரு மணி நேரம் கழித்தும் தொண்ணூற்றெட்டு. அடுத்த எண் வரட்டும் என்று காலக்கெடுவே இல்லாமல் காத்திருந்தது, நான் எழுதிய ஒரு வரி. திருத்த நான்கு வரி போதும்.

உடனே அனுப்பினால் மாப்பிள்ளை பார்ப்பார். தங்கை சிரிப்பாள். அடுத்த பதிப்பில் நாற்பது மாற்றங்களோடு ஓசைப்படாமல் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு ஆறு வாரம் இருந்தது. பராமரிப்பாளர் மேலும் இருமுறை எழுதினார். கேபிள்தான் என்றேன்.

ஐந்தாவது வாரம் அவரே அழைத்தார்.

"சார், ஒரு குழந்தைக்குத் திரையில தொண்ணூத்தெட்டு காட்டிச்சு. நர்ஸம்மா அதை நம்பி வேற குழந்தையைப் பாக்கப் போயிட்டாங்க. திரும்பி வந்தப்ப அந்தக் குழந்தை நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. உயிர் இல்ல." பிறகு அவரே கேட்டார். "கேபிளை நான்தான் ஒழுங்கா மாட்டலையோ, சார்?"

"இருக்கலாம்," என்றேன்.

அவர் வேலையை விட்டுவிட்டார். குழந்தையின் தாயின் காலில் விழுந்து அழுதாராம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பதிப்பு குறித்த நாளில் வெளிவந்தது. குறிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று எழுதினேன்.

அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான். அந்த மனிதரின் தலையில் பழியைக் கட்டியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார், கையெழுத்துப் போடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?