கேன்சர் என்றால் சொல்லலாம்

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் நாற்பது வயதுத் தம்பியும். தம்பியின் கணுக்காலில் ஊதா நிறத் தடிப்புகள் தெரிந்தன. உதியன்குளங்கரை தாண்டியதும் அவர் சொன்னார்:

“கேன்சர் வந்தது நல்லதாப் போச்சு, அக்கா.”

“எலே, என்ன பேச்சு பேசுத?”

“உள்ளதாக்கும். கேன்சருன்னா எல்லாருட்டயும் சொல்லலாம். கீமோ தொடங்கின பெறவு ஆளு வராத நாளு உண்டா? எச்.ஐ.வி.ன்னு சொல்லியிருந்தா எவன் வருவான்?”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்தார்.

“அதுக்கு வேண்டி எச்.ஐ.வி. குளிகைய அடுக்கி வச்ச ரப்பர் ஷீட்டுக்குப் பின்னால ஒளிச்சு வைப்பியா? நேத்து நான்தான் கண்டெடுத்தேன்.”

“வீட்டுல ஆளு இருக்கும்பம் எடுத்துத் தின்ன முடியாதுல்லா. அப்பிடித்தான் கொறே நாளு விட்டுப்போச்சு. இன்னைக்கும் தின்னல்ல.”

“இனி இது கீமோ மருந்துகூட மேசை மேல இருக்கட்டும். கேட்டா, கேன்சருக்குள்ள மருந்துன்னு சொல்லு.”

“அது பொய்யில்லியா?”

“பொய்யில்ல, மக்கா. டாக்டர் சொன்னது மறந்து போச்சா? கீமோ மட்டும் போராது, எச்.ஐ.வி.யால வந்த இந்தக் கேன்சருக்கு மொத மருந்தே இந்தக் குளிகையாக்கும்.”

தம்பி குப்பியை வாங்கிக்கொண்டார். நெய்யாற்றின்கரையில் ஏறிய கூட்டம் எங்கள் தலைக்கு மேல் நெருக்கிக்கொண்டு நின்றது.

“தண்ணி உண்டா, அக்கா?” என்று கேட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் மூடியைத் திறந்தார்.