நாலு பேப்பர்ல வந்த செய்தி

இல்ல தம்பி, அந்தச் சேர்ல உக்காராதீங்க, ஒரு காலு ஆட்டம். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபேனுக்கு நேரா உக்காருங்க. அப்ப நல்லகாமன் மக சுபலட்சுமிதேன் என் நம்பரைக் குடுத்துச்சாக்கும். நினைச்சேன். என்ன சொல்லிக் குடுத்துச்சு? எங்க அப்பாவப் பத்தி உள்ளத உள்ளபடி எழுதுன ஒரே ரிப்போர்ட்டர் ராமமூர்த்தி சார்னா? ம். டீ சொல்லட்டா? வேணாமா? சரி, பெறகு சாப்பிடலாம்.

ஆமா, யாரு வேணா எழுதலாம், திருத்தலாம்னு இருக்குற அந்தக் கலைக்களஞ்சிய சைட்டுல உங்களுக்கு என்ன சம்பளம்? சும்மாவா? சும்மா எழுதுறதுக்கா கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறி திருப்பரங்குன்றம் வரைக்கும் வந்தீங்க, அதுவும் ஒத்த வரிக்காக? நாங்கள்லாம் சம்பளம் வாங்கிக்கிட்டே ஒரு வரியச் சரிபாக்க வாடிப்பட்டி வரைக்கும் போனதில்ல தம்பி. பெருமைக்குச் சொல்லல. இருபத்தெட்டு வருசம் பேப்பர்ல இருந்தேன். ஆபீஸ்ல இருந்து எழுதுன ஆளு இல்ல, தாலுகா செய்தி குடுக்குற ஆளு. பேப்பரை மூடுனதும் இந்தக் கடையப் போட்டேன். மனு டைப் பண்ணுவேன், கல்யாணப் பத்திரிக்கை அடிச்சுக் குடுப்பேன். ஓடுது.

எங்க, காட்டுங்க பாப்போம். கொஞ்சம் எழுத்தைப் பெருசாக்குங்க, கண்ணாடிய வீட்டுக்குள்ள வச்சிட்டேன். ம்... நல்லகாமன். வாடிப்பட்டி பக்கம் வெள்ளப்பாறைக் கம்மாயில மண்ணள்ளுறத எதுத்துப் போராடியவர். சரி. மூணு தடவை சிறை. சரி. நெசத்துல ரெண்டு தடவைதேன், இருந்தாலும் போகட்டும். சர்ச்சைகள்... இதுதேன. ஒத்தக்கடையில் வீட்டுமனை பெற்றுக்கொண்டு போராட்டத்தைக் கைவிட்டதாக நான்கு நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. பக்கத்துல குட்டியா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் வேற.

இது என்ன பக்கம்? பேச்சுப் பக்கமா, எழுதுறவங்க வாதாடிக்கிற இடமா? ஆத்தாடி, கட்டுரை ஒரு முழம்னா சண்டை ஒம்பது முழம் இருக்கே. இவரு சொல்றாரு, குவாரிக்காரன் ஆள் வச்சுக் கொன்னுட்டான்னு. கொலையுமில்ல ஒண்ணுமில்ல தம்பி, சுகரு. பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க, அப்பறம் நாலு மாசம்தேன். இங்கிட்டு இவன் சொல்றான், ஒத்தக்கடையில மாடி வீடு கட்டி சுகமா வாழ்ந்து செத்தாருன்னு. அவரு கடைசி வரைக்கும் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழைக்கு ரெங்கம்மா அக்கா, அவரு சம்சாரம், வீட்டுக்குள்ள அஞ்சு இடத்துல குண்டான் வைக்கும். ரெண்டு பேருக்குமே அவரத் தெரியாது. தெரியாமத்தேன் இம்புட்டு அடிச்சுக்கிறாய்ங்க.

நான் அவரு ஆளு கிடையாது, மொதல்ல அதைக் குறிச்சுக்கங்க. வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. ஒருக்கா சர்வேயரை எல்லார் முன்னாலயும் அறைஞ்சாரு, அந்தாளு பாவம், புதுசா வேலைக்கு வந்தவரு. பொம்பளைகளைக் கூட்டிட்டுப் போயி வெயில்ல ரோட்டுல உக்கார வச்சிட்டு இவரு போன் பேசிக்கிட்டு நிப்பாரு. எலெக்சன்ல நின்னாரு, டெபாசிட் போச்சு. போராட்டத்தையே எலெக்சனுக்குத்தேன் நடத்துனாருன்னு பாதி ஊரு பேசுச்சு. அதையெல்லாம் போடுங்க. போடத்தேன் வேணும். ஆனா அந்தக் கம்மாய்க்கு அவரை விட்டா ஆளு இல்ல. மேலாப்புல சவுடு மண்ணு மட்டும் அள்ளுறோம்னு பர்மிட் வாங்கிட்டு, பனைமரம் நின்னா தலை தெரியாத ஆழத்துக்குத் தோண்டுனாய்ங்க. இவரு லாரிக்கு முன்னால படுத்தாரு. திங்கக்கிழமை தவறாம கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட நிப்பாரு. அதையும் போட்டுருக்கீங்க, நல்லது.

என்ன, இந்தப் பேரு சுபலட்சுமி பேராச்சே. அதுவே எழுதியிருக்கா இங்க? எங்க அப்பா பிளாட் வாங்கவில்லை, தயவுசெய்து நீக்கவும். அடியில பதில் யாரு, நீங்களா? குடும்ப உறுப்பினர்கள் இதில் திருத்தம் செய்யக்கூடாது. மறுபடியும் அது அழிச்சிருக்கு, நீங்க திரும்பப் போட்டிருக்கீங்க. அஞ்சு தடவை அழிச்சதும் உள்ள வரவிடாமப் பண்ணிட்டீங்க. சட்டம்னா சட்டம்தேன், நான் என்ன சொல்றது. ஆனா அது எதுக்குத் துடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஆவணியில அதுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவுகப்பா பேரைப் போட்டுத் தேடியிருக்காங்க. இந்த வரியப் பாத்துட்டு வந்து, எங்க அந்த ஒத்தக்கடை பிளாட்டு, பொண்ணு பேருக்கு எழுதிக் குடுங்கன்னு உக்காந்துட்டாங்க. இல்லாத பிளாட்டை எங்கிட்டுப் போயி எழுதுறது? மறைக்கிறீங்கன்றாங்க. நாலு பேப்பர்ல வந்திருக்கேன்றாங்க.

அதைத்தேன் நீங்களும் சொல்றீங்க. நாலு பேப்பரு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு சாட்சி. வாஸ்தவம்தேன். ஒண்ணு சொன்னா பொய்யா இருக்கலாம், நாலும் எப்பிடிச் சொல்லும்னு. அந்த நாலு கட்டிங்கும் வச்சிருக்கீங்களா? போட்டோ இருந்தாலும் போதும். வரிசையா வச்சுப் பாருங்க. தலைப்பு மட்டும்தேன் வேற வேற. உள்ள படிங்க. நாலுலயும் வெள்ளப்பாறை ஊரணின்னு போட்டிருக்கா? நூத்திப் பதினாலு ஏக்கர்னு போட்டிருக்கா? அந்தக் கம்மா நாப்பத்தியோரு ஏக்கர் தம்பி. ஊரணின்னா குடிக்கிற தண்ணி, கம்மா பாசனத்துக்கு. அந்த ஊருல பால்குடிப் பிள்ளை கூட அதை ஊரணின்னு சொல்லாது. வயக்காட்டையே பாக்காத டவுன்காரன் எவனோ எழுதியிருக்கான். நாலு பேரு எழுதுனா நாலு பேருமா ஒரே தப்பைப் பண்ணுவாய்ங்க?

எங்க வேலை எப்பிடின்னு சொல்றேன். நாங்க நாலு பேப்பருக்கு நாலு பேரு. மாவட்டம் பெருசு, ஆளுக்கு ஒரு டூவீலரு, பெட்ரோலுக்கே கட்டாது. அதனால பங்கு பிரிச்சுக்குவோம். மேலூர்ப் பக்கம் ஒருத்தர், உசிலம்பட்டிக்கு ஒருத்தர், கோர்ட்டுக்கு ஒருத்தர், வாடிப்பட்டிக்கு ஒருத்தர். யாரு போறாங்களோ அவரு எழுதி மத்த மூணு பேருக்கும் மெயில் அனுப்பிருவாரு. தலைப்பை மாத்திட்டு அவுகவுக ஆபீசுக்குத் தள்ளிருவோம். தப்புன்னே தோணுனதில்ல, கூட்டாளிகளுக்குள்ள ஒத்தாசை. இங்க எல்லாரும் அப்பிடித்தேன். உங்க நாலு சாட்சியும் ஒரே வாயி தம்பி.

வாடிப்பட்டி யாருக்கா? எனக்குத்தேன்.

நாந்தேன் எழுதுனேன்.

நோட்டை மூடுங்க தம்பி. சொல்றேன், மூடுங்க. அதுக்கு முன்னால அவரப் பத்தி மூணு செய்தி போட்டிருந்தேன். லாரிய மறிச்சது, ஜெயிலுக்குப் போனது, கலெக்டர் ஆபீஸ்ல உருண்டது. மூணுலயும் என் பேரு இருக்கும். அதைத்தேன் அந்தப் பிள்ளை லேமினேசன் பண்ணி வச்சிருக்கு. அப்பத்தேன் ஆபீஸ்ல டெஸ்க்குல இருந்தவரு கூப்பிட்டாரு. என்னய்யா, மூணு தடவை தூக்கிட்ட, நீ அவன் ஆளான்னு கேக்குறாய்ங்க, நடுநிலை வேணாமா, எதிர்ப்பக்கமும் ஒண்ணு குடுன்னாரு. நியாயமாத்தேன் பட்டுச்சு. நீங்களும் இந்தப் பக்கத்துல வரிக்கு வரி அதைத்தேன எழுதியிருக்கீங்க. நடுநிலை, நடுநிலைன்னு.

மறுநாளே குவாரி மேனேஜரு ஒரு பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தாரு. ஒத்தக்கடையில மூணு சென்ட்டு. வாங்குனவர் பேரு மு. நல்லகாமன், வாடிப்பட்டி தாலுகா. ஊரும் அதே ஊரு. எனக்கு வேற என்ன வேணும்? அப்பா பேரு முனியாண்டின்னு இருந்துச்சு. கண்ணுல பட்டுச்சு தம்பி, படலன்னு சொல்ல மாட்டேன். இவரு அப்பா பேரு எனக்குத் தெரியாது. போன் பண்ணிக் கேப்பமான்னு தோணுச்சு, நம்பரும் இருந்துச்சு. கேட்டா இல்லைன்னு சொல்லுவாரு. சொல்லிட்டா செய்தி இல்லையே. சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பணும். கூறப்படுகிறதுன்னு முடிச்சு அனுப்பிட்டேன். மத்த மூணு பேருக்கும் அனுப்பிட்டேன். அதுல மட்டும் என் பேரு வராது, நமது நிருபர்னு வரும்.

மூணாம் நாளு இங்க வந்தாரு மனுசன். அப்ப இது எங்க வீட்டு முன்ரூமு. கத்துவாருன்னு நினைச்சேன், கத்தல. நாலு பேப்பரையும் மடிச்சு இடுப்புல சொருகிட்டு வந்திருந்தாரு. யாரோ குவாரிக்காரன் ஆளு எழுதிட்டான் ராமமூர்த்தி, உங்க பேப்பர்லயுமே வந்திருச்சு, நீங்களாச்சும் மறுப்புப் போடுங்கன்னாரு. பையில ரேசன் கார்டு. எங்க தாத்தா பேரு நல்லகாமன், அவருக்கு அஞ்சு மகன், அஞ்சு பேரும் மூத்தவனுக்கு அப்பன் பேரைத்தேன் வச்சாங்க, அதனால எங்க ஊர்ல நான் கருத்தக்காமன், பிளாட்டு வாங்குனவன் டிரைவர்காமன், எங்க சித்தப்பன் முனியாண்டி மகன், பஸ் ஓட்டி ரிட்டயரானவன், அவன் காசுல அவன் வாங்குனான், எங்கப்பா பேரு முத்திருளன், இந்தா பாருங்கன்னு காட்டுறாரு. எங்க ஆளுகள்ல அப்பிடிப் பேரு வைக்கிறதில்ல. நான் பட்டுநூல்காரன், சௌராஷ்டிரா, இந்த டவுனுக்குள்ளயே பொறந்து வளந்தவன். எனக்கு எப்பிடித் தெரியும்? கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

மறுப்புப் போட்டேனான்னா கேக்குறீங்க? நாலு வரி திருத்தம் எழுதி அனுப்புனேன். பழைய செய்திய எதுக்குக் கெளர்றன்னுட்டாரு டெஸ்க்குக்காரரு. நானும் விட்டுட்டேன். அடுத்த மறியலுக்குப் பதினோரு பேரு வந்தாங்க. அதுக்கு முந்துன மறியலுக்கு அறநூறு பேரு. எண்ணுனது நாந்தேன். பதினோரு பேரையும் ஒரே வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. அப்பறம் கம்மாயில பாறை தெரியிற வரைக்கும் அள்ளுனாய்ங்க, கேக்க நாதியில்ல. இப்ப அதுல தண்ணி நிக்கிறதில்ல.

இந்தா, அன்னிக்கி அவரு குடுத்துட்டுப் போன ரேசன் கார்டு ஜெராக்ஸு. பாருங்க, தகப்பனார் பெயர் முத்திருளன். இதை வச்சுக்கிட்டு வரியத் தூக்கிர முடியாதா? முடியாதா. எதுலயாச்சும் அச்சுல வந்திருக்கணுமா. பொய்யி அச்சுல வந்திருச்சு, நெசம் என் மேசை டிராயர்லயே கெடக்கு. நான் சொல்றதைக் கேட்டு நீங்களா எடுத்தா, அதுவும் உங்க சட்டத்துல தப்பு. புரியுது தம்பி, உங்களைக் குத்தம் சொல்லல.

என்ன வழி? நான் பேசி, நீங்க ரெக்கார்ட் பண்ணி, தெரிஞ்ச பத்திரிகையில பேட்டியா வந்தா எடுத்துக்குவீங்களா? என் பேரோடயா? பேரு இல்லாம ஒரு மூத்த செய்தியாளர் கூறுகிறார்னு போட்டா? செல்லாதா. அதானே, அப்பிடிப் போட்டுத்தேன் நாங்க இம்புட்டும் பண்ணோம்.

வேணாம் தம்பி. போனைக் கீழ வைங்க. முடியாது.

கல்யாணம் நின்னா நிக்கட்டும்னா சொல்றேன்? எனக்கும் பொம்பளைப் பிள்ளை இருக்கு. வாங்க, இங்கிட்டு வந்து இந்த கம்ப்யூட்டரைப் பாருங்க. அந்தப் பிள்ளை கல்யாணப் பத்திரிக்கைதேன். ப்ரூஃப் ரெடியா இருக்கு, சைட்டுக்காரரு வந்து வரிய எடுக்கட்டும், மாப்பிள்ளை வீட்ல பேசிட்டு அடிப்போம்னு நிறுத்தி வச்சிருக்கு. கீழ படிங்க, தங்கள் வரவை எதிர்பார்க்கும்னு இருக்குல்ல, அதுக்கடியில. பெரியப்பா, கே. ஆர். ராமமூர்த்தி. மொத பேரே என் பேரு. நான் போடல தம்பி, அது போடச் சொன்னது. உங்க பங்காளிகள்லாம் இருக்காங்க, நான் வேத்தாளு, சண்டைக்கு வருவாங்கம்மான்னு சொல்லிப் பாத்தேன். அன்னிக்கி எந்தப் பங்காளியும் எங்கப்பா கூட நிக்கல, நீங்கதேன் பெரியப்பா நின்னீங்கன்னு சொல்லுது. தீவாளி பொங்கலுக்கு வந்து கால்ல விழுகுது.

அறுபத்தி மூணு வயசாச்சு. என்னை நல்லவன்னு நம்புறது அந்த ஒத்தப் பிள்ளைதேன். அதை என்னால விட முடியல தம்பி. காறித் துப்பணும்னா துப்பிட்டுப் போங்க.

கெளம்புறீங்களா? இருங்க, ஜெராக்ஸை விட்டுட்டுப் போங்க, டிராயர்லயே இருக்கட்டும். பெரியார் பஸ் ஸ்டாண்டு போக, கடைக்கு எதுத்தாப்புல நின்னாலே வண்டி வரும். அந்தப் பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணும், எடுத்துப் பேசுங்க. ராமமூர்த்தி சாரைப் பாத்தேன், வயசாயிருச்சு, அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க.