வலது பாதி

காகிதத்தைக் கோடு பிசகாமல் வெட்டுவதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. இறந்தவனின் நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை, ஐயா.

ஸ்டூடியோவை இருவரும் சேர்ந்து நடத்தினோம். கல்யாணம், பாஸ்போர்ட் படமெல்லாம் அவன் பொறுப்பு. இரட்டைப் படம் என் பொறுப்பு. ஒரே கேமராவில் இரண்டு லென்ஸ், நம் இரண்டு கண்களுக்கு உள்ள இடைவெளியில். ஒரே நொடியில் விழும் இரண்டு படங்களையும் ஓர் அட்டையில் அருகருகே ஒட்டி, பார்வைக் கருவியில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒன்றாகி முன்பின் தூரத்தோடு தெரியும். தட்டைப் படத்தில் எங்கள் அம்மா ஒரு டம்ளரைப் பிடித்திருப்பாள், அவ்வளவுதான். இரட்டைப் படத்தில் அதை உங்களிடம் நீட்டுவாள். வாங்கிக்கொள்ளக் கை தானாக எழும்.

பதினெட்டு வருடத்து அட்டைகள் அலமாரியில் இருந்தன. நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது, இடத்தை அடைக்கிறது என்று தம்பி எல்லாவற்றையும் நடுவில் வெட்டி, வலது பாதிகளைக் குப்பையில் போட்டுவிட்டான். அம்மாவையும்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே? ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற போட்டியா நடத்தப் போறோம்? ஒரு படம் போதும்" என்றான்.

எனக்குக் கோபம் வராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு விளங்கவைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது எங்கள் மொட்டைமாடியில் ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவரை இடித்துப் போட்டிருந்தார்கள். அந்த ஓரத்தில், தம்பி நிற்கவேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியை வைத்தேன். கேமராவை நன்றாகத் தள்ளி நிறுத்தினேன். எங்கே நின்று கையை நீட்டினால், இடது படத்தில் அது நாற்காலியைத் தொடுவதுபோல் விழும் என்று இரண்டு முறை எடுத்துக் கழுவிப் பார்த்து, அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டேன். குறிக்கும் நாற்காலிக்கும் ஆறடி.

மறுநாள் நாற்காலியை எடுத்துவிட்டு, கடை விளம்பரத்துக்கு அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு படம் என்றேன். தலையைச் சீவிக்கொண்டு சந்தோஷமாக வந்தான். டைமரை முடுக்கிவிட்டு என் குறியில் போய் நின்று கையை நீட்டினேன்.

"இன்னும் பின்னாடி போடா. ஆழம் வரணும்."

"இடம் இருக்கா அண்ணே? படம்னா நீ என்ன வேணா சொல்லுவியே."

"ரெண்டடி இருக்கு, போ."

அரை அடிதான் இருந்தது.

அவன் விழுந்ததை விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து வந்த உங்களிடம் அன்றைக்குக் கொடுத்தது இடது பாதி. அதில் என் கை அவன் தோளைப் பற்றியிருக்கிறது. நீங்களே என் முதுகைத் தட்டி, "உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்றீர்கள். தம்பி மனைவி அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். எட்டு மாதமாகிறது. நேற்று அதன் முன்னால் நின்று சொன்னாள்:

"கடைசிவரைக்கும் நீங்க அவரை விடல மாமா. எனக்கு இந்த ஒரு படம் போதும்."

அவன் சொன்ன அதே வார்த்தை. செத்தும் அவனே ஜெயித்துக்கொண்டிருந்தான்.

இதோ வலது பாதி. பார்வைக் கருவியும் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். என் கை முன்னால் வந்துவிடும். தம்பி தூரத்தில், பின்னால் சாய்ந்தபடி, தன் கையை நீட்டியிருப்பான். நடுவே ஆறடிக்கு வெறும் காற்று. பிடித்துக்கொள்ள உங்கள் கை தானாக எழும். எனக்கு எழவில்லை. படம் கலங்கிவிடக் கூடாதே என்று அசையாமல் நின்றேன்.

தம்பி மனைவியையும் வரச் சொல்லுங்கள், ஐயா. எனக்கு யார்மீதும் கோபமில்லை. அவளும் ஒருமுறை இதில் பார்த்துவிட்டு, ஒரு படம் போதுமா என்று சொல்லட்டும்.