இரண்டு பக்கமும் ஏறிய விமானி

நர்ஸ்: கதவ சாத்துங்க கண்ணாடிக் கடைக்காரரே. அண்ணன் வந்துடப் போறாரு.

மச்சினன்: சாத்தியாச்சு சிஸ்டர். மாமா கை கழுவப் போயிருக்காரு. இப்பெல்லாம் குழாயத் திறந்து மூடவே அவருக்கு நேரமாகுது.

நர்ஸ்: ஏன் நேரமாகுது? கைதான் சரியாயிடுச்சே.

மச்சினன்: ஆமா ஆமா... சரியாயிடுச்சு. நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

நர்ஸ்: பொம்மை விமானப் போட்டியில அண்ணனுக்கு முதல் பரிசுன்னு அறிவிச்சப்ப நீங்க கையே தட்டல. கவனிச்சேன்.

மச்சினன்: நீங்க மட்டும் தட்டுனீங்களா? கைப்பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அண்ணனுக்குப் பரிசு கெடச்ச மூஞ்சியா அது? பர்ஸ் தொலஞ்ச மூஞ்சி.

நர்ஸ்: பரிசு சந்தோஷந்தான். அதுக்கப்புறம் மைக்ல ஒண்ணு சொன்னாங்களே...

மச்சினன்: நாலு மணிக்கு மேடையில செஞ்சு காட்டணும்னு. வருஷா வருஷம் ஜெயிச்சவங்க செய்யிறதுதானே. புதுசா ஒரு பிளாஸ்டிக் விமானம் குடுப்பாங்க. கலர் அடிச்சு, புகை படிஞ்ச மாதிரி, தேஞ்ச மாதிரி, சண்டைக்குப் போய் வந்த மாதிரி பழசாக்கணும்.

நர்ஸ்: கைக்கு நேரா கேமரா. பின்னால சுவர் முழுக்கப் படம். விரல் நகம் கதவு அளவுக்குத் தெரியும் கண்ணாடி.

மச்சினன்: தெரியட்டுமே. கார் பட்டறையில காலமெல்லாம் ஸ்பிரே அடிச்ச கை. கொஞ்ச நாள் நடுங்குச்சு, பட்டறையில நிறுத்துனாங்க. இப்பத் திரும்பி வந்துடுச்சு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நாம பாக்கலயா?

நர்ஸ்: பாத்தோம். நானும் அததான் சொல்றேன்.

மச்சினன்: அப்புறம் ஏன் உங்களுக்கு வேர்க்குது?

நர்ஸ்: உங்க மூக்குக் கண்ணாடி ஏன் ஆவி படிஞ்சு கெடக்கு?

மச்சினன்: இங்க ஒரே புழுக்கம்.

நர்ஸ்: சரி விடுங்க. தலைமை நடுவர் பேசுனத கேட்டீங்களா? நான் பின்னால நின்னேன், சரியா விழல.

மச்சினன்: அந்த மனுஷன் கண் கலங்கிட்டாரு. விமானி இறக்கை மேல கால் வெச்சு ஏறுற இடத்துல கலர் தேஞ்சு உள்ள தகடு தெரியுதுல்ல... அது நம்ம விமானத்துல ரெண்டு பக்கமும் இருக்காம். இந்த ரகத்துல எல்லாரும் இடது பக்கமாத்தான் ஏறுவாங்களாம். 'இவனுக்கு இடது கால்ல காயம். அதான் கொஞ்ச நாளா வலது பக்கமா ஏறியிருக்கான். பெயின்ட்லயே ஒரு கதை சொல்லிட்டாரு'ன்னாரு. பரிசே அதுக்குத்தானாம்.

நர்ஸ்: ரெண்டு பக்கமுமா? இல்லயே... இடது பக்கம் மட்டுந்தானே...

மச்சினன்: இடது பக்கமா? வலது பக்கந்தானே...

நர்ஸ்: நான் இடதுலதான் போட்டேன்.

மச்சினன்: என்னது?

நர்ஸ்: ஒண்ணுமில்ல.

மச்சினன்: சிஸ்டர். போட்டேன்னு சொன்னீங்க.

நர்ஸ்: நீங்க வலதுன்னு அடிச்சு சொன்னீங்களே. அது எப்படித் தெரியும் உங்களுக்கு?

மச்சினன்: ...விமானத்தோட மூக்கு என்னப் பாத்து இருந்துச்சு. என் இடது கைப் பக்கத்த விமானத்தோட இடதுன்னு நெனச்சுட்டேன். போட்ட பிறகுதான் அது வலதுன்னு தெரிஞ்சுது. அவசரம். அக்கா அடுப்படியில இருந்தா.

நர்ஸ்: அட பாவி மனுஷா.

மச்சினன்: நீங்க யோக்கியமா? புதன்கிழம ஊசி போட வர்றேன்னு சொல்லிட்டு...

நர்ஸ்: ஊசியும் போட்டேன். அது போட்டா அண்ணன் கொஞ்சம் கண்ணசருவாரு. மேசையில அந்த விமானம் கெடக்கும். அவர் செஞ்சது ஒண்ணுமே ஒட்டல கண்ணாடி. தொட்ட தடமே தெரியல. நடுக்கத்துக்குப் பயந்து அழுத்தாம விடுறாருன்னு நெனச்சேன். மனசு கேக்கல. பஞ்சுல வெள்ளிக் கலரத் தொட்டு லேசா ஒத்தி விட்டேன்.

மச்சினன்: நான் மாடியிலதானே குடியிருக்கேன். கடை விட்டு வந்ததும் எறங்கிப் பாப்பேன். சாம்பல் கலர் அடிச்சிருந்தாரே, அதுவும் அப்படித்தான். பிளாஸ்டிக் அப்படியே தெரிஞ்சுது. கலர நீர்க்க வைக்கிற தின்னர அதிகமா கலந்துட்டாருபோலன்னு மேல ஒரு தடவ நான் அடிச்சு விட்டேன்.

நர்ஸ்: நீங்களா? அது நல்லா படிஞ்சிருந்ததப் பாத்துட்டுத்தானே, அண்ணே உங்க கை திரும்பிடுச்சுன்னு அந்த ஞாயிறு நான் அழுதேன்.

மச்சினன்: வயித்துக்கு அடியில எண்ணெய் ஒழுகுன மாதிரி ஒரு கோடு இருந்துச்சே... அதப் பாத்துட்டு நான் அக்காகிட்ட ஓடினேன். மாமா பழைய மாமா ஆயிட்டாருன்னு.

நர்ஸ்: அது நான் போட்டது.

மச்சினன்: நல்லா இருந்துச்சு சிஸ்டர்.

நர்ஸ்: வாய மூடுங்க. இன்ஜின் பக்கத்துல புகைக் கறை?

மச்சினன்: ...நானு.

நர்ஸ்: உங்க வேலையப் பாத்து நான் ஏமாந்திருக்கேன். என் வேலையப் பாத்து நீங்க ஏமாந்திருக்கீங்க. நடுவுல அந்த மனுஷன் தெனம் கை நடுங்க உக்காந்திருக்காரு. போதாக்குறைக்கு நான் போய் டாக்டர்கிட்ட வேற சொல்லித் தொலைச்சேன், மருந்து நல்லா கேக்குதுன்னு.

மச்சினன்: இருங்க, இருங்க. எல்லாத்தையுமா நாம செஞ்சோம்? வால்ல நம்பர். அத நான் தொடல.

நர்ஸ்: நானும் தொடல.

மச்சினன்: பாத்தீங்களா? மயிரிழை பிரஷ்ல ஒரே இழுப்பு. ஒரு நெளிவு இல்ல. அது மாமாதான். அந்தக் கை இருக்கு சிஸ்டர். ஒரு நேரம் இருக்கு, ஒரு நேரம் இல்ல.

நர்ஸ்: நாலு மணிக்கு இருக்குமா?

மச்சினன்: வயித்து வலின்னு சொல்லச் சொல்லுவோம். வேணாம்... கண்ணு சரியில்லன்னு நான் சொல்றேன். கண்ணாடிக் கடைக்காரன் சொன்னா நம்புவாங்க.

நர்ஸ்: காலடி சத்தம். உக்காருங்க.

பெயின்டர்: என்ன, ரெண்டு பேரும் கதவ சாத்திக்கிட்டு... ஏதாவது துக்க வீடா?

மச்சினன்: இல்ல மாமா. வெளிய ஒரே சத்தம்.

பெயின்டர்: சத்தமா இருக்கட்டும்டா. எனக்காகத்தானே தட்டுறாங்க. தங்கச்சி, அந்தத் துண்டக் குடும்மா. கை ஈரம்.

நர்ஸ்: நான் தொடச்சு விடவா அண்ணே?

பெயின்டர்: வேணாம். கைதான் திரும்பிடுச்சே. துண்டு பிடிக்க மாட்டேனா?

நர்ஸ்: அண்ணே... மேடை ஏறித்தான் ஆகணுமா? ரொம்பக் களைச்சுத் தெரியிறீங்க.

மச்சினன்: ஆமா மாமா. கண்ணுகூடக் கொஞ்சம் செவந்திருக்கு. நான் போய் பேசிட்டு வரட்டுமா?

பெயின்டர்: எதுக்கு? ஏன், போன ஞாயிறு என்ன சொன்ன நீ?

மச்சினன்: என்ன சொன்னேன்...

பெயின்டர்: 'மாமா, இந்தக் கைக்கு இனி ஒரு குறையும் இல்ல'ன்னு. பலகாரம் வாங்கிட்டு வந்து வெச்ச. தின்னோமே.

மச்சினன்: சொன்னேன்.

பெயின்டர்: தங்கச்சி, நீ? நர்ஸு நீ. நாலு பேர் கையப் பாத்தவ. சொல்லு, என் கை திரும்பிடுச்சா இல்லயா?

நர்ஸ்: அண்ணே...

பெயின்டர்: ஒரு வார்த்தை. ஆமாவா இல்லயா?

நர்ஸ்: ...திரும்பிடுச்சுண்ணே.

பெயின்டர்: இப்பவும்?

நர்ஸ்: இப்பவும்.

பெயின்டர்: ம். சரி. அப்ப நான் போய் செஞ்சு காட்ட வேண்டியதுதான். என்ன மாப்ள, தலை குனிஞ்சு உக்காந்துட்ட? பரிசு வாங்குன இந்த விமானத்தக் கொஞ்சம் திருப்பு. மூக்க உன் பக்கமா வை. ஆங்... இப்ப உன் இடது கைய நீட்டு. எந்த இறக்கை படுது?

மச்சினன்: மாமா...

பெயின்டர்: வலது இறக்கை. எத்தன தடவ சொல்லிக் குடுத்திருப்பேன், விமானத்துக்குள்ள உக்காந்து பாருடா, வெளிய நின்னு பாக்காதன்னு. முதல் பரிசு அதுக்குத்தான் குடுத்திருக்காங்க. கால்ல காயமாம் விமானிக்கு. நடுவர் என் தோளத் தட்டி, எப்படி இது தோணுச்சுன்னு கேட்டாரு. நானும் சிரிச்சு வெச்சேன்.

நர்ஸ்: உங்களுக்குத் தெரியுமா?

பெயின்டர்: இடது பக்கம் நீ. ஊசி குத்துன இடத்துல பஞ்சு வெச்சு ஒத்துவியே, அப்படியே ஒத்தியிருக்க. சுத்தி வட்டமா. கால் வெச்சுத் தேஞ்சா அப்படித் தேயாதும்மா. நீளவாக்குல தேயும்.

நர்ஸ்: தெரிஞ்சும் ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?

பெயின்டர்: நீங்க ஏன் சொல்லல?

நர்ஸ்: உங்களுக்கு வலிக்குமேன்னு...

பெயின்டர்: வலிச்சிருக்கும். வலிச்சிட்டு ஓஞ்சிருக்கும். 'உங்களால முடியல, சும்மா உக்காந்து பேசிட்டு இருங்க'ன்னு உங்கள்ல ஒருத்தர் சொல்லுவீங்கன்னு வாரா வாரம் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க கை தட்டுனீங்க. கொழந்த மொத அடி எடுத்து வெச்ச மாதிரி.

மச்சினன்: தப்புதான் மாமா. ஆனா கெட்ட எண்ணத்துல செய்யல.

பெயின்டர்: கெட்ட எண்ணம் இருந்திருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். இதுக்கு எப்படிடா திட்டுறது?

நர்ஸ்: டாக்டர்கிட்ட நான் அப்படிச் சொன்னப்பவாவது... நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?

பெயின்டர்: இருந்தேன். மருந்த மாத்தாம எழுதிக் குடுத்தாரு. வாங்கிட்டு வந்தேன். அது உன் மேல மட்டும் இல்லம்மா, என் மேலயும்தான். உண்மையச் சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழம போயிருக்கும். பட்டறை போச்சு. வண்டி ஓட்டுறது போச்சு. சட்டப் பொத்தான் உங்கண்ணி போடுறா. மிச்சம் இருந்தது அந்த மேசையும் நீங்க ரெண்டு பேரும். பெயின்ட் பிடிக்காதவனப் பாக்க யாரு வாரா வாரம் வருவா?

மச்சினன்: வந்திருப்போம் மாமா.

பெயின்டர்: ரெண்டு வாரம் வந்திருப்பீங்க. அப்புறம் கடையில வேலையிருக்கும்.

நர்ஸ்: மைக்ல உங்களக் கூப்பிடுறாங்கண்ணே.

பெயின்டர்: கேக்குது.

மச்சினன்: மாமா, நான் சொல்றதக் கேளுங்க. நாங்க தொட்டது கொஞ்சந்தான். வால் நம்பர் நீங்க போட்டது. அந்தக் கை இன்னும் இருக்கு. அத நம்பிப் போங்க.

பெயின்டர்: நம்பரா? அதுல ஏழுக்கு நடுவுல ஒரு குட்டிக் கோடு இருக்கு, பாத்தியா?

மச்சினன்: ஆமா, அது...

பெயின்டர்: பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதுறப்ப அப்படிப் போடுறவ நம்ம வீட்டுல யாரு?

மச்சினன்: அக்காவா? அவளுக்கு இந்த விமானம்னாலே ஆகாதே. தின்னர் வாசனைக்கே தலவலின்னு சண்ட பிடிப்பாளே.

பெயின்டர்: மூக்குல முந்தானைய சுத்திக்கிட்டு எழுதினா. நான் தூங்குறேன்னு நெனச்சா. நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன். எழுதி முடிச்சு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என் வேலைய அவ அப்படிப் பாத்ததே இல்ல. அதுவும் என் வேலை இல்ல.

நர்ஸ்: திரும்பக் கூப்பிடுறாங்க. அண்ணே, போக வேணாம். கெஞ்சிக் கேக்குறேன். கேமரா இருக்கு. எல்லாரும் பாப்பாங்க.

பெயின்டர்: பாக்கட்டும். முதல் தடவையா ஒரு நூறு பேர் என் கையப் பாத்துட்டு, நடுங்குதுன்னு சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தைய வீட்டுல கேக்க முடியல, இங்கயாவது கேக்குறேன். பெட்டிய எடு மாப்ள.

மச்சினன்: எடுத்துட்டேன் மாமா. சாம்பல், கறுப்பு, வெள்ளி, எல்லாம் வெச்சிருக்கேன். முதல்ல எது வேணும்? நாங்க தொட்டதுக்கெல்லாம் அடியில நீங்க அடிச்சீங்களே, அந்த சாம்பலா?

பெயின்டர்: பெயின்ட் எதுவும் வேணாம்டா. தின்னர் பாட்டில மட்டும் குடு. முதல் நாள்லேர்ந்து நான் பிரஷ்ல தொட்டது கலரே இல்லாத அது ஒண்ணத்தான்.